சென்னை வானாய்வு நிலையத்துக் கற்றூண் - மரபுரிமைக் கோரிக்கை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்னை நகரின் நுங்கம்பாக்கத்தில், வளிமண்டலவியல் நிலையத்தின் வளவினுள்ளே, கருங்கற்றூண் ஒன்று நிற்கின்றது. அதன் நிறை ஏறக்குறையப் பத்துத் தொன். 1792 ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கொம்பனியார் கட்டுவித்த வானாய்வு நிலையத்திலே தொலைகாட்டியைத் தாங்கிய தூண் இதுவாகும். பழைய வானாய்வு நிலையங்களைத் தேசிய மரபுரிமையாக ஏற்றுக் காத்தல் வேண்டுமென்னும் கோரிக்கை இக்காலத்திற் பல நாடுகளிலும் எழுந்துள்ளது. சென்னைத் தூணின்பொருட்டு அக்கோரிக்கையை எழுப்புவோர் எக்காரணம் பற்றி அதனை எழுப்புதல் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கோரிக்கை நன்றேயாயினும், அதற்குக் காட்டும் காரணம் பிழைபடின், பெறும் பேறும் பிழைபட்டே நிற்கும்.

முதற்கண் நிலையத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம். 1786 ஆம் ஆண்டிற் கொம்பனி உத்தியோகத்தரான வில்லியம் பெற்றி என்பார் எழும்பூரிலே தமக்கெனச் சிறியதொரு வானாய்வு நிலையம் அமைத்தார். பின்னர் அக்கருவிகள் கொம்பனியாரின் கைக்கு வர, மைக்கல் தொப்பிங் என்பாரின் அமைப்பின்படி நுங்கம்பாக்கத்துக் கட்டிடம் எழுந்தது. யோன் கோல்டிங்காம், யோன் வொரன், தோமஸ் கிளான்வில் ரெயிலர், நோர்மன் பொக்சன் முதலியோர் முறையே அதனை நடாத்தினர். 1899 ஆம் ஆண்டில் வானாய்வுப் பணி கோடைக்கானல் மலைக்கு மாறியது. மூலக் கட்டிடம் இன்று இல்லை. தூணும் சில கற்களுமே எஞ்சின.

இந்நிலையத்தின் பெருமை பேசப் புகுவோர் பெரும்பாலும் மூன்று காரணங்களைக் காட்டுவர். அவற்றுள் முதலாவது பழைமை. ஆசியாவின் முதல் வானாய்வு நிலையம் இதுவெனச் சிலர் எழுதிவிடுகின்றனர். பீக்கிங் நகரத்து வானாய்வு மேடை 1442 ஆம் ஆண்டினது. சவாய் செயசிங்கன் என்னும் அரசன் செய்ப்பூர், தில்லி முதலிய நகரங்களில் எழுப்பிய நிலையங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சார்ந்தன. ஆகவே இக்கூற்று நில்லாது. இரண்டாவது காரணம் காட்சிச் சிறப்பு. செய்ப்பூரில் இருபதளவான பெருங்கருவிகள் கல்லாலும் சுதையாலும் ஆக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அதனோடு ஒப்பிடின் நுங்கம்பாக்கத்துத் தூண் காண்பார் கண்ணைக் கவர்வதன்று. மூன்றாவது தாபகர் பெருமை. இது தூணின் சாசனத்தோடு தொடர்புடையதாதலின் பின்னர் ஆராயப்படும்.

இம்மூன்றினும் வலிதாய காரணம் வேறொன்று உண்டு. அஃது அத்தூண் செய்த தொழிலாகும். வடக்குத் தெற்காகச் செல்லும் உச்சிவட்டத்தில் மட்டும் அசையுமாறு அமைந்த தொலைகாட்டியொன்று அதன்மீது இருத்தப்பட்டது. ஒரு விண்மீன் அவ்வட்டத்தைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பதே நோக்குவோரின் பணி. தாங்கும் தூண் மயிரிழை அசையினும் கணக்குப் பிழைக்கும். ஆதலினாலேயே இத்துணை நிறையுள்ள கல் வேண்டப்பட்டது. இத்தகைய பல்லாண்டு உழைப்பின் பயனாக, 11,015 விண்மீன்களின் நிலைகளைக் கூறும் அட்டவணையை ரெயிலர் 1844 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நேரத்தை அறிந்தோர் இடத்தையும் அறிவர். வியாழனின் துணைக்கோள்கள் மறையும் கணத்தைச் சென்னை நேரத்தினும் கிறீனிச் நேரத்தினும் ஒப்பிட்டு, இரண்டிற்கும் இடைப்பட்ட வேற்றுமை 5 மணி 21 நிமிடம் 14 செக்கன் எனக் கோல்டிங்காம் துணிந்தார். அஃதாவது, சென்னையின் நெட்டாங்கு கிழக்கு 80 பாகை 18 கலை 30 விகலை. பின்வந்த வொரன் அதனைத் திருத்தி 80 பாகை 17 கலை 21 விகலை என்றார். 1802 ஆம் ஆண்டு ஏப்பிரில் 10 ஆந் திகதி வில்லியம் லாம்ப்ரன் பரங்கிமலைக்கு அண்மையில் அடிக்கோடளந்து தொடங்கிய பெரு முக்கோண அளவை, இமயமலையடி வரையும் விரிந்தபோது, அதன் நெட்டாங்குகள் எல்லாம் சென்னை வானாய்வு நிலையத்தையே பற்றுக்கோடாகக் கொண்டன.

பிற்காலத்திலே தந்திவழியாக நேரத்தை ஒப்பிட்டு அளந்தபோது, நிலையத்தின் உண்மை நெட்டாங்கு ஏறக்குறைய 80 பாகை 14 கலை 47 விகலை என்பது தெரியவந்தது. வொரனின் கணக்கிலிருந்து வேறுபாடு இரண்டரைக் கலையளவு. நிலத்தின்மேல் நான்கு கிலோமீற்றருக்கு அதிகம். இப்பிழை சென்னையோடு நின்றதன்று. இந்தியப் படத்தின் நெட்டாங்குகள் முழுவதையும் அவ்வளவிற்குத் திருத்தல் வேண்டியதாயிற்று. ஒரு தூணருகே நிகழ்ந்த சிறு பிழை ஒரு பெருநாட்டின் படம் முழுவதையும் இடம்பெயர்த்ததெனின், அத்தூணின் வரலாற்று நிலைக்கு இதனின் மேம்பட்ட சான்று வேண்டுமோ? இனி, இந்தியாவின் இருப்புப்பாதைகள் நெடுங்காலம் சென்னை நேரத்தையே தழுவின. 1906 ஆம் ஆண்டு தொடக்கத்திலேதான் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட பொதுநேரம் நிலைபெற்றது.

இத்தகைய அளவைத் தானங்கள் மரபுரிமையாக ஏற்கப்பட்டமைக்கு முன்னுதாரணமும் உண்டு. நோர்வே முதற் கருங்கடல் வரை செல்லும் ஸ்துருவே அளவை வில்லின் முப்பத்துநான்கு தானங்களை யுனெஸ்கோ தாபனம் 2005 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்றது. அவற்றுட் பல, பாறையிலே துளைத்த துளையும், பதித்த இரும்புச் சிலுவையும், கற்குவியலுமேயாம். அழகின்மையும் கட்டிடமின்மையும் அங்குத் தடையாகாதபோது நுங்கம்பாக்கத்தில் மட்டும் தடையாதல் எங்ஙனம்?

இனிச் சாசனத்தை நோக்குவாம். அது இலத்தீன் மொழியோடு தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கணித விஞ்ஞானங்கள் பிரித்தானியரின் வண்மையால் ஆசியாவில் முதன்முதல் நடப்பட்ட காலத்தை ஆயிரமாண்டின் பின் வருவோரும் அறிதல் வேண்டும் என்பதே தாபித்தோர் கருத்து. இக்கூற்று வரலாற்றுக்கு முற்றும் மாறானது. இதனை மறுத்தற்கு ஆரியபட்டர் காலத்துக்குச் செல்லவேண்டியதில்லை. அந்நிலையத்தின் தலைவராயிருந்த வொரனே போதிய சான்று தந்துள்ளார். 1825 ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சான அவருடைய 'காலசங்கலிதம்' தென்னாட்டுக் காலக்கணிதத்தை விரித்துக் கூறும் நூலாகும். புதுச்சேரியிலே தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், நிலத்திலே சோழிகளை வைத்தும் மாற்றியும், வாய்பாடுகளை வாக்கியங்களாக நெஞ்சில் வைத்தும், சந்திரகிரகணத்தைக் கணித்தமையை அவர் பதிவு செய்தார். அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்திற்கு அக்கணிப்பிற் பிழை நான்கு நிமிடமே. முடிவுக்கோ ஐம்பத்திரண்டு நிமிடம். இவ்விரண்டையும் மறையாது கூறல் முறை. ஓற்றோ நொய்கெபவர் என்னும் அறிஞர் 1952 ஆம் ஆண்டில் இதனை எடுத்தாராய்ந்து, மிகப் பழையதொரு கணித மரபின் தொடர்ச்சி இதுவெனக் காட்டினார். எனவே, முன்னரே வளர்ந்து நின்ற தோட்டத்தில் வேறொரு மரம் நடப்பட்டது என்பதே உண்மை.

அவ்விரு மரபும் ஒருவரிடத்தே கூடியமையையும் இந்நிலைய வரலாறு காட்டும். பஞ்சாங்க கணிதர் குடியிற் பிறந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் இங்கே உதவியாளராகப் பணியாற்றி, 1867 ஆம் ஆண்டில் ரெற்றிக்குலம் என்னும் விண்மீன் குழாத்திலே ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872 இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1874 ஆம் ஆண்டில் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை எழுதி இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கம் வானத்திற் கண்ட காட்சியோடு ஒத்தல் வேண்டுமென்பது அவர் வற்புறுத்திய கொள்கை. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் வழங்கும் யாழ்ப்பாணத்தாராகிய எமக்கு இவ்விவாதம் புதிதன்று. ஆயினும் தூணிலே பொறித்த பெயர்களுள் அவர் பெயர் இருத்தற்கில்லை. அவர் பிறக்குமுன்னரே சாசனம் முடிந்துவிட்டது.

ஈண்டு ஒரு தடை எழலாம். அந்நியராட்சியின் தற்பெருமையைப் பேசும் கல்லைத் தேசியச் சின்னமாக்குதல் தகுமோ என்பர். நாட்டை அளந்தது ஆள்வதற்கும் வரி தண்டுவதற்கும் படை செலுத்துவதற்குமே என்பதும் மறுக்கற்பாலதன்று. ஆயின் மரபுரிமையாக ஏற்றல் வேறு, புகழ்தல் வேறு. பிழைபட்ட சாசனத்தை அழிப்பின் பிழைக்குச் சான்றும் அழியும். அதனைக் காத்து, அதன் அருகே உண்மையை எழுதிவைத்தலே அறிவுடைமையாகும். தூண் அளந்தவற்றுக்கு இந்தியக் கணிதரும் உதவியாளரும் நல்கிய உழைப்பு எவ்வாற்றானும் அந்நியமன்று.

சட்டமும் இதற்கு இடந்தருகின்றது. இந்தியாவின் 1958 ஆம் ஆண்டுப் பழஞ்சின்னச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாது நிலைபெற்று வரலாற்றுச் சிறப்புடையதாய் விளங்கும் கட்டிடங்களோடு சாசனத்தையும் ஒற்றைக்கல்லையும் சேர்த்தே 'பழஞ்சின்னம்' என வரையறுக்கின்றது. இத்தூண் அவ்விரண்டும் ஆகும். ஆதலின் கட்டிடம் அழிந்துவிட்டதென்னும் காரணத்தாற் கோரிக்கை குன்றாது. தேசிய முக்கியத்துவமுடையதென ஒன்றை அறிவிக்குமுன் இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுத்து, மறுப்புரைகளையும் கேட்டல் வேண்டுமென அச்சட்டம் விதிக்கின்றது. அக்காலத்தில் எழும் வினாக்களுக்கு விடையிறுக்கத் தக்க காரணம் கோருவோர் கையில் இருத்தல் இன்றியமையாதது.

ஆகவே, சென்னைத் தூணின்பொருட்டு எழுப்பப்படும் கோரிக்கை 'முதலாவது', 'பழையது' என்னும் சொற்களைக் கைவிட்டு, அங்கே அளக்கப்பட்ட நேரத்தையும் நிலத்தையும் விண்மீன்களையும் முன்வைத்தல் வேண்டும். தூணோடு, ரெயிலரின் அட்டவணையும் நிலையத்து நோக்குக் குறிப்புகளும், கோடைக்கானல் சென்ற கருவிகளும் ஒரே மரபுரிமையின் உறுப்புகளாகக் கொள்ளப்படல் வேண்டும். தூணருகே நாட்டப்படும் விளக்கப் பலகையில் தொப்பிங், கோல்டிங்காம் ஆகியோர் பெயரோடு இரகுநாதாச்சாரியார் பெயரும், பெயர் பரவாத புதுச்சேரிப் பஞ்சாங்க கணிதரின் செயலும் இடம்பெறுதல் வேண்டும். ஆயிரமாண்டின் பின் வருவோர்க்கென அக்கல்லை எழுதினோர் எழுதினர். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளே சென்றுள்ளன. எஞ்சிய காலத்துக்கு வருவோர் எதனை வாசித்தல் வேண்டும் என்பதைத் தீர்மானித்தல் இன்றுள்ளோர் கடனாகும்.