எட்ட நிற்க ஒரு கேமரா

பறவைப் படம் எடுக்கப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். பதிலாக மெகாபிக்சல் கணக்கு வரும், நொடிக்கு எத்தனை படம் என்பது வரும், நிறுவனங்களின் பெயர்கள் வரும். எந்த ஏரிக்கரையில், எவ்வளவு தூரத்தில் நின்று, எதற்காக எடுக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. டிஜிட்டல் கேமரா நம் பறவையியலுக்குச் செய்த நன்மை, கெடுதல் இரண்டுக்கும் வேர் அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் இருக்கிறது. பறவை செய்துகொண்டிருக்கும் வேலையைக் கெடுக்காமல், எவ்வளவு எட்ட நின்று பயன்படும் படம் எடுக்க முடிகிறது என்பதைத்தான் கேமராவுக்கும் அதைப் பிடித்திருப்பவருக்கும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடலாம். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். வெளிச்சம் குறைந்தால் சுருளையே மாற்ற வேண்டும். கழுவி வரும்வரை படம் விழுந்ததா என்பதே தெரியாது. மா. கிருஷ்ணன் (1912–1996) போன்றவர்கள், கிடைத்த கேமராவையும் லென்ஸையும் தாமே ஒட்டுப்போட்டுச் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிவு செய்தார்கள். பணமோ அசாத்தியப் பிடிவாதமோ இல்லாதவர்களுக்கு அந்தக் கலை எட்டாமலே இருந்தது. டிஜிட்டல் அந்தச் சுவரை இடித்தது. இன்று பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க்குப் போய், அன்று மாலையே தாம் பார்த்தது என்ன பறவை என்று உறுதி செய்துகொள்ள முடிகிறது.

இதில் அழகைவிட அறிவுக்குக் கிடைத்த லாபமே பெரிது. குளிர்காலத்தில் வரும் உள்ளான் வகைகள், இளம் பருந்துகள், உடை மாறிய ஆலாக்கள் ஆகியவற்றை இருநோக்கியில் ஒரு நொடி பார்த்துவிட்டு இனம் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். சுமாரான படம் ஒன்று இருந்தால் போதும், இறகின் ஓரத்தையும் அலகின் நீளத்தையும் நிதானமாகப் பார்த்து வழக்கைத் தீர்த்துவிடலாம். 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இ-பேர்ட் தளத்திலும், தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அரிய பறவைகளின் பதிவுகளுக்குப் படமே பெரும் சான்று. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. காலில் வண்ணப் பட்டை கட்டிய உள்ளானை நீண்ட லென்ஸில் எடுத்தால் பட்டையிலுள்ள எழுத்தைப் படிக்கலாம். மறுபடி வலைபோட்டுப் பிடிக்காமலே அதன் பயணம் தெரிந்துவிடுகிறது. சேற்றில் பாதி மறைந்த காலைக் காட்டும் அந்தப் படத்துக்கு எந்தப் போட்டியிலும் பரிசு கிடைக்காது. ஆனாலும் பரிசு பெறும் பல படங்களைவிட அதன் மதிப்பு கூடுதல்.

இனி கருவிக்கு வருவோம். கடைக்காரர் சொல்லாத எளிய கணக்கு ஒன்று உண்டு. 28 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்மார்பு மீன்கொத்தி 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 600 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரின்மேல் 8.4 மி.மீ. நீளத்தில் விழவைக்கும். 300 மி.மீ. லென்ஸில் அதுவே 4.2 மி.மீ. முழுச் சட்டச் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ.; ஆகவே 600இல் பறவை சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கிறது. இனம் காணவும் புத்தகத்தில் அச்சிடவும் அது தாராளம். சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் "லென்ஸ் ஒன்றரை மடங்கு நீளும்" என்பது விற்பனைப் பேச்சு. பறவையின் பிம்பம் அங்கேயும் அதே 8.4 மி.மீ.தான். சட்டம் சிறியது, புள்ளிகள் நெருக்கமானவை என்பதால் வெட்டி எடுத்த படத்தில் விவரம் கூடுகிறது. அந்த அளவுக்கு லாபம் உண்மைதான்.

லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமராக்களின் கதை இன்னும் சுவையானது. 2018இல் வந்த நிக்கான் பி1000, 3000 மி.மீ. லென்ஸுக்கு ஈடானது என்று விளம்பரமானது. அதன் லென்ஸின் உண்மையான குவிய நீளம் 539 மி.மீ., அங்கே திறப்பு எஃப்/8. வகுத்துப் பார்த்தால் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் 67 மி.மீ. 200–600 வகை ஜூம் லென்ஸில், 600இல் எஃப்/6.3 திறப்புக்கு, அது 95 மி.மீ. ஆகிறது. பத்து லட்ச ரூபாயைத் தாண்டும் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸில் 150 மி.மீ. பரப்பளவாகக் கணக்கிட்டால், ஒரே பறவையிடமிருந்து பி1000 வாங்கும் ஒளியைப் போல ஜூம் லென்ஸ் இரண்டு மடங்கும் எஃப்/4 லென்ஸ் ஐந்து மடங்கும் வாங்குகின்றன. இதனால் பிரிட்ஜ் கேமராவைக் கேலி செய்ய வேண்டியதில்லை. 1.4 கிலோ எடையில், முக்காலி இல்லாமல், நல்ல வெயிலில் உட்கார்ந்திருக்கும் பறவையை அது அடையாளம் காட்டிவிடும். மங்கிய ஒளியும் பறக்கும் பறவையும்தான் அதன் எல்லை.

ஆகவே கேமராவைத் தேர்வு செய்ய வேண்டியது நாம் போகும் இடம்தான். வேடந்தாங்கலில் நாரைகளுக்கும் நமக்கும் நடுவே நீர் இருக்கிறது. பார்வையாளர்கள் கரையோடு நிற்க வேண்டும். 1798இலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் அந்த ஊர்மக்கள் தங்கள் பறவைகளுக்கு எழுத்துமூலம் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். அங்கே நீண்ட லென்ஸ் தேவை, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பிரிட்ஜ் கேமராவும் பிழைத்துக்கொள்ளும். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, 300 மி.மீ. போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்குள் பறவை பத்து மீட்டரில் இருந்தாலும் வெளிச்சம் இருக்காது. அங்கே நீளத்தைவிடத் திறப்பின் அகலமே பேசும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின்மேல் காற்று அலையாடத் தொடங்கும். அந்தக் கானலில் தொலைவிலுள்ள பறவை நெளியும். பத்து லட்ச ரூபாய் லென்ஸ் நெளிவைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவே. அங்கே செலவில்லாத மேம்பாடு விடியற்காலையில் எழுந்து போவதுதான்.

மிரர்லெஸ் கேமராக்கள் கொண்டுவந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2020இல் கேனன் ஆர்5, 2021இல் சோனி ஏ1, நிக்கான் இசட்9 என்று வரிசையாக வந்தவை பறவையைத் தாமே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யப் பழகியவை. மின்னணு ஷட்டர் ஓசையே எழுப்பாது. பழைய எஸ்எல்ஆரின் "டக்டக்" சத்தத்துக்குத் தலை திருப்பிய பறவை, இப்போது தன்பாட்டில் மேய்கிறது. பறவையின் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஓசையின்மையே கடந்த சில ஆண்டுகளின் ஆகச் சிறந்த முன்னேற்றம்.

இதிலும் விலை உண்டு. மலிவான மாதிரிகளில் சென்சார் மெதுவாகப் படிப்பதால், ஓசையற்ற ஷட்டரில் எடுத்தால் சிறகு வளைந்து கோணலாகப் பதியும். நொடிக்கு 20 படம் என்றால் பத்து நொடியில் 200 கோப்புகள். மாலைப் பொழுது கழிவுகளை அழிப்பதிலேயே போகும். பறவை என்ன செய்தது, எதைத் தின்றது என்ற குறிப்பு ஒரு வரிகூட இருக்காது. ஒளியளவு இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. இருண்ட நீரின் முன் நிற்கும் வெண்கொக்குக்கு ஒளியை ஒரு படி குறைக்காவிட்டால் இறகெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். வெளுத்த வானத்தின் முன் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு ஒளியைக் கூட்டாவிட்டால் வெறும் நிழல்தான் மிஞ்சும்.

பறவைப் படம் எடுக்கும் பழக்கத்தின் பெருங்குறை கருவியில் இல்லை. லென்ஸ் நீண்டால் மனிதர் விலகி நிற்பார் என்பது எதிர்பார்ப்பு. லென்ஸ் நீண்டது, கால்கள் விலகவில்லை. சட்டத்தை நிறைக்கும் பறவை, கரைந்து குழைந்த பின்னணி என்று ஒரு ரசனை நிலைபெற்றுவிட்டதே காரணம். ஒரே லென்ஸில், பறவையை நெருங்க நெருங்கப் பின்னணி கூடுதலாகக் கரையும். அந்தக் குழைவுக்குப் பாராட்டு கிடைக்கும்வரை, 20 மீட்டரில் கிடைத்த நல்ல படத்தோடு ஒருவர் திரும்ப மாட்டார். எட்டு மீட்டருக்கு ஊர்ந்து போவார்.

விளைவைப் பறவை சுமக்கிறது. ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடும். நண்பகலில் தாய் நின்று நிழல் தரும். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நான்கு பேர் கேமராவோடு சுற்றி அமர்ந்தால் தாய் கத்திக்கொண்டே வட்டமிடும். முட்டை வெயிலில் வேகும். பஞ்சுருட்டான்கள் மணற்கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்திலும் இதே கூட்டம்தான். கூட்டை மறைக்கும் கிளையைப் படத்துக்காக ஒதுக்கினால் வெயிலுக்கும் காகத்துக்கும் வழி திறந்துவிட்டோம் என்று பொருள். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இதை அறியாமலே பலர் கூட்டுப் படத்தைப் பெருமையோடு பகிர்கிறார்கள்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பது அடுத்த தந்திரம். போட்டி ஆண் வந்துவிட்டதென்று எண்ணிப் பறவை மேய்ச்சலையும் கூட்டையும் விட்டு ஓடிவரும். ஒருவர் ஒருமுறை செய்தால் பெரிதாகத் தெரியாது. பெயர்பெற்ற இடத்தில் வருகிறவர் எல்லாரும் செய்தால் அதற்கு வேறு வேலையே நடக்காது. இரை வைத்து வரவழைக்கும் மறைவிடங்களைப் பற்றி ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. மனிதர் கண்ணில் படாததால் பறவைக்கு அச்சம் குறைவு, உள்ளூர்க்காரருக்கு வருமானம். ஆனால் எல்லாரிடமும் ஒரே கிளையில் ஒரே கோணத்தில் அதே பறவை. இரைக்கு அது பழகிவிட்டால் இயல்பான நடத்தை என்று பதிவு செய்ய எதுவும் மிஞ்சாது. உயிருள்ள எலியைக் கட்டி ஆந்தையை அழைப்பதற்கோ எந்தச் சமாதானமும் கிடையாது.

பரிசு ஆசை எதுவரை போகும் என்பதற்குச் சான்று உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009க்கான தலைமைப் பரிசை வென்ற, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் 2010இல் தகுதி நீக்கப்பட்டது. பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். 2018இல் அதே போட்டியில் ஓர் எறும்புண்ணி படம் நீக்கப்பட்டது. அது பாடம் செய்த பொம்மை என்ற முடிவுக்கு வந்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இரைச்சலை நீக்குவதோடு நிற்காமல் மங்கிய இடத்தில் இறகு வரிகளைத் தாமே வரைந்தும் விடுகின்றன. சுவரில் மாட்ட அது சரியாக இருக்கலாம். அரிய பறவைக்குச் சான்றாக அப்படத்தை வைத்தால், இல்லாத வரியை வைத்து இல்லாத இனத்தை நிறுவியதாகிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பது இனி கட்டாயம்.

படக்காரர்கள் இல்லாவிட்டால் இந்தச் சதுப்பு நிலங்களுக்காகப் பேச யார் இருப்பார்கள் என்ற வாதம் எழும். நியாயமான வாதம். பெருங்குடிக் குப்பைமேட்டையும் அடுக்குமாடிகளையும் பின்னால் வைத்துப் பூநாரைகளை எடுத்த படம், பள்ளிக்கரணை உயிருள்ள நீர்நிலை என்பதை ஆயிரம் மனுக்களைவிட விளங்கச் சொல்லும். 2022இல் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது. ஆனால் அந்த வேலையைச் செய்வது இடத்தைக் காட்டும் படம். பின்னணியைக் கரைத்துவிட்ட முகப்படத்தை ஏரியிலும் எடுக்கலாம், விலங்குக் காட்சிச்சாலையிலும் எடுக்கலாம், வித்தியாசம் தெரியாது.

எனவே தீர்ப்பு இது. புதிதாக வருகிறவர் முதலில் 8க்கு 42 இருநோக்கி ஒன்று வாங்கட்டும். ஒரு பருவம் முழுக்கப் பார்க்கப் பழகட்டும். பிறகு இனம் காண்பதே நோக்கமென்றால் பிரிட்ஜ் கேமரா போதும். பறப்பதையும் எடுக்க வேண்டுமென்றால் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் உடலும் 600 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸும் பெரும்பாலோருக்கு உச்சவரம்பு. அதற்குமேல் செலவிடுபவர், சோலையின் இருட்டுக்காகச் செலவிடுகிறோமா, பக்கத்திலிருப்பவரின் லென்ஸைப் பார்த்துச் செலவிடுகிறோமா என்று கேட்டுக்கொள்ளட்டும். போட்டி நடத்துவோர் கூட்டுப் படங்களை ஒதுக்கினால் மட்டும் போதாது. பறவையோடு அதன் இடத்தையும் காட்டும் படத்துக்கு மதிப்பெண் கூட்ட வேண்டும். படம் எடுப்பவர்களுக்கு விதி ஒன்றே போதும்: பறவை மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்கி உங்களைப் பார்த்தால், அந்த இடத்திலிருந்து இரண்டடி பின்னால் வாருங்கள்.