மருத்துவப் பதிவேடும் அதன் பள்ளிகளும்

ஒரு மருத்துவமனை எழுதியதை இன்னொரு மருத்துவமனை பொருள் மாறாமல் படிக்க வேண்டும். மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகள் எல்லாம் இந்த ஒரு ஆசையில் பிறந்தவை. ஆனால் முதலில் எதில் உடன்படுவது என்பதில் நாற்பது ஆண்டுகளாக வழக்கு தீரவில்லை. தகவலை அனுப்பும் முறையிலா, பதிவின் உள்ளமைப்பிலா, சொற்களிலா? ஒவ்வொரு விடைக்கும் ஒரு பள்ளி உண்டு, அதற்கென்று பிடிவாதமான சீடர்களும் உண்டு.

முதலில் அனுப்பும் பள்ளி. 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய எச்.எல்.7 அமைப்பு அதன் மூலவர். லேப் கணினி ஒரு கம்பெனியுடையது, பில் போடும் கணினி வேறொரு கம்பெனியுடையது. இரண்டையும் பேச வைக்க வெறும் எழுத்து வரிகளே போதும் என்றார்கள். பி.ஐ.டி. என்று தொடங்கும் வரியில் நோயாளி விவரம், ஓ.பி.எக்ஸ். என்று தொடங்கும் வரியில் பரிசோதனை முடிவு, நடுநடுவே செங்குத்துக் கோடுகள். பார்க்க அழகில்லை. ஆனாலும் எச்.எல்.7-இன் இரண்டாம் பதிப்பான இந்த முறைதான் இன்றும் உலகின் பல மருத்துவமனைகளில் ஓடுகிறது. அதன் குறை அதன் தாராளம். ‘இசட்’ எழுத்தில் தொடங்கும் வரிகளை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதால், இடத்துக்கு இடம் ஒரு வழக்காகிவிட்டது.

அதைச் சரிசெய்ய மூன்றாம் பதிப்பு வந்தது. மருத்துவத்தில் நடப்பதை எல்லாம் ஒரே பெரிய மாதிரிக்குள் அடக்கி, ஒவ்வொரு செய்தியையும் அதிலிருந்து வருவிக்கும் திட்டம். 2002-இல் இங்கிலாந்து தொடங்கிய தேசியத் திட்டம் இதைக் கையில் எடுத்தது. 2011-இல் அந்தத் திட்டத்தையே கலைக்க வேண்டியதாயிற்று. அதற்குக் காரணங்கள் பல, பழி முழுவதையும் தரநிலை மேல் போடுவது நியாயமில்லை. இருந்தாலும், எழுதியவர்களுக்கே எளிதில் பிடிபடாத இலக்கணத்தை மென்பொருள் எழுதும் இளைஞர் எப்படிப் படிப்பார்?

உள்ளமைப்புப் பள்ளி ஐரோப்பாவில் வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றின் வழியில், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ஓப்பன் ஈ.எச்.ஆர். அமைப்பை நிறுவின. ரத்த அழுத்தத்துக்கு அவர்கள் செய்துவைத்திருக்கும் வார்ப்பைப் பாருங்கள். மேல் அளவு, கீழ் அளவு இரண்டோடு நாம் நிறுத்திக்கொள்வோம். அவர்கள் நோயாளி நின்றாரா, உட்கார்ந்தாரா, படுத்தாரா, எந்தக் கையில் எடுத்தது, கட்டிய பட்டையின் அளவு என்ன என்பதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறார்கள். குண்டான கையில் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பது எந்த நர்சுக்கும் தெரியும். அந்த அறிவு பதிவுக்குள் வந்துவிடுகிறது. வார்ப்பை மருத்துவர்கள் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்கிறார்கள், மென்பொருளாளர் அதை ஏற்று நடத்துகிறார். பள்ளிகளில் எனக்கு மிகவும் மரியாதை இதன்மேல்தான். ஏற்கெனவே பேக்கேஜ் வாங்கிப் போட்ட மருத்துவமனை அதன் வயிற்றைக் கிழித்து மாற்ற வேண்டியிருப்பதால், பரவுவது மெதுவாக இருக்கிறது. நார்வே போன்ற சில நாடுகளில் வேரூன்றியிருக்கிறது.

சொற்பள்ளி இவை இரண்டையும்விடப் பழையது. பாரிஸின் பெர்த்தியோன் 1893-இல் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஐ.சி.டி. என்னும் நோய் வகைப்பாடு. அது கணக்கெடுக்கப் பிறந்தது. நோயாளியின் நிலையை நுணுக்கமாகச் சொல்ல அது போதாது. அந்த வேலைக்கு ஸ்னோமெட் சி.டி. அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரியின் சொற்றொகுதியும், பிரிட்டிஷ் பொதுநல மருத்துவர் ஜேம்ஸ் ரீட் தொடங்கிவைத்த குறியீடுகளின் வாரிசும் 2002-இல் இணைந்து உருவானது. ஒருவர் ‘எம்.ஐ.’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்பார். அதில் இரண்டுக்கும் 22298006 என்ற ஒரே எண். லேப் பரிசோதனைகளுக்கு லாயிங்க், 1994-இல் இண்டியானாபொலிஸின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் தொடங்கியது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்றால் 718-7. கோட்டுக்குப் பின்னால் வரும் 7, எண்ணைத் தப்பாகத் தட்டினால் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கம்.

அளவையும் மறக்கக் கூடாது. மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்கு வருபவரின் ரிப்போர்ட்டில் சர்க்கரை 7 என்றிருக்கும். அங்கே மில்லிமோல் கணக்கு, நம் மில்லிகிராம் கணக்கில் அது 126. எண்ணை மட்டும் அனுப்பி அலகை விட்டுவிட்டால் கணினிக்கு என்ன தெரியும்?

இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது ஃபயர். 2011-இல் ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் எச்.எல்.7-க்குள்ளேயே முன்வைத்தது. நோயாளி, மருந்து, பரிசோதனை முடிவு என்று சிறு சிறு துண்டுகளாக்கி, இணையதளங்கள் தகவலை வாங்கிக் கொடுக்கும் அதே முறையில் அனுப்புவது. பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்கெனவே வைத்திருப்பது மட்டும் மையத்தில் இருக்கும், மற்றதெல்லாம் இணைப்பு. அடக்கம்தான் இதன் பலம். நம் பெயர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. குடும்பப்பெயர் கட்டாயமில்லை, முழுப்பெயரை அப்படியே ஒரே வரியாக வைக்கலாம். கட்டாயம் என்று அடம்பிடிப்பவை நம்மூர் மென்பொருள் திரைகள். ஒரு திரையில் இனிஷியல் குடும்பப்பெயராகும், இன்னொன்றில் அப்பா பெயர் விரிந்து அந்த இடத்தில் உட்காரும். ஒரே ஆள் இரண்டு நோயாளிகளாகிவிடுவார்.

இந்தியா 2013-இல் தரநிலைகளை அறிவித்து, 2016-இல் திருத்தியது. பட்டியலில் ஏறக்குறைய எல்லாப் பள்ளிக்கும் இடம் கொடுத்தார்கள். எல்லோரையும் அழைத்த கல்யாணத்தில் பந்தி யார் பரிமாறுவது என்று தெரியாத நிலை. 2021-இல் தேசிய அளவுக்கு விரிந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்தான் ஃபயரின் நான்காம் வெளியீடு என்று ஒன்றைப் பிடித்தது. நோயாளிக்கு 14 இலக்க ஆபா எண், அவர் சம்மதம் கொடுத்தால்தான் பதிவு நகரும். நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய தாள்களுக்காக பி.டி.எஃப். கோப்பை அப்படியே உறைக்குள் வைத்து அனுப்பவும் வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியே பலருக்கும் ராஜபாட்டை ஆகிவிட்டால், வந்து சேர்ந்த கோப்பில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை மனிதர் கண்ணால்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கணினியே படிக்க வேண்டுமென்றால் பதிவில் குறியீடு இருக்க வேண்டும். ஓ.பி.யில் நோயாளிகளை வரிசையில் நிறுத்திவைத்துக்கொண்டு மருத்துவர் குறியீடு தேட மாட்டார். அதை எதிர்பார்க்கவும் கூடாது. லேப்பில் அப்படியில்லை. முடிவு கருவியிலிருந்தே எண்ணாக வருகிறது. மருத்துவமனை செய்யும் பரிசோதனைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு பதாலஜிஸ்டும் ஒரு மென்பொருளாளரும் உட்கார்ந்து லாயிங்க் எண்ணையும் அலகையும் ஒருமுறை பொருத்திவிட்டால், அடுத்த நாளிலிருந்து யாரும் கூடுதலாக எதையும் தட்ட வேண்டாம். லாயிங்க் இலவசம். இந்தியா 2014-இலிருந்து உறுப்பு நாடு என்பதால் ஸ்னோமெட்டுக்கும் நமக்குக் கட்டணமில்லை. மருத்துவமனைகள் மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது இந்தப் பொருத்தும் வேலையையும் ஒரு நிபந்தனையாக எழுதிக் கேட்கலாம்.