விழாநாளும் தன்கூற்றும்: பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கத்தோலிக்கத் திருச்சபை மார்ச் 7ஆம் நாள் நினைவுகூரும் பெர்பெத்துவா, பெலிசித்தா ஆகியோரின் வரலாறு, மறைச்சாட்சி ஒருவரின் தன்கூற்றை உள்ளடக்கிய அரிய பனுவலாகும். அவ்வரலாற்றை நிலைபெறச் செய்ததில் விழாநாள் வாசிப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அதே வாசிப்பின் தேவைகள் அதன் குரலை மாற்றியும் உள்ளன. கைக்குழந்தை பற்றிய பகுதியை அளவுகோலாகக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புனிதர் வரலாறு, விழாநாள், தன்கூற்று, மறைச்சாட்சி, பெர்பெத்துவா

முன்னுரை

புனிதர் ஒருவரின் விழா பெரும்பாலும் அவர் பிறந்த நாளில் அன்றி, இறந்த நாளிலேயே கொண்டாடப்படுகிறது. இறப்பே விண்ணகப் பிறப்பு என்பது இதன் உட்கருத்து. திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா போன்றவை விதிவிலக்குகள். இவ்வழக்கம் நாட்காட்டியோடு நின்றுவிடவில்லை. வரலாறு எழுதும் முறையையும் அது பாதித்தது. முடிவு முன்பே தெரிந்த கதையில் இளமை, இல்லறம், ஐயம், அச்சம் ஆகிய யாவும் அம்முடிவை நோக்கிய படிகளாகவே அமைந்துவிடுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த 'லெகேந்தா ஆவ்ரேயா' என்னும் நூல் புனிதர் வரலாறுகளைத் திருவழிபாட்டு ஆண்டின் விழா வரிசையிலேயே தருகிறது. 'லெகேந்தா' என்னும் இலத்தீன் சொல்லின் பொருளே 'வாசிக்கப்பட வேண்டியவை' என்பதாகும்.

முடிவு நிகழ்வதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு வரலாறு இத்தகைய விழாநாள் மரபுக்குள் வந்தால் என்ன நேரும் என்பதே இக்கட்டுரையின் வினா.

பனுவலின் கூற்றுகள்

கி.பி. 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சிறைப்பட்ட பெர்பெத்துவா ஏறத்தாழ 22 வயதினர், உயர்குடியில் பிறந்தவர், பால்குடிக் குழந்தையின் தாய். அவருடன் சிறைப்பட்ட பெலிசித்தா அடிமைப்பெண், கருவுற்றிருந்தவர். இவர்களின் பாடுகளைக் கூறும் இலத்தீன் பனுவல் 21 அதிகாரங்கள் கொண்டது. அதில் 3 முதல் 10 வரையிலானவை பெர்பெத்துவாவின் சொற்களாகவும், 11 முதல் 13 வரையிலானவை உடன் சிறைப்பட்ட சாத்தூருசின் சொற்களாகவும் தரப்பட்டுள்ளன. எஞ்சியவை பெயர் அறியப்படாத தொகுப்பாசிரியரின் கூற்று.

சங்கப் பாடலை அணுகும்போது 'இது யார் கூற்று' என்று முதலில் வினவுவது நாம் பழகிய நெறி. தலைவி சொல்வதும் கண்டோர் சொல்வதும் ஒன்றாகா. அவ்வினா இப்பனுவலுக்கும் பொருந்தும். பெர்பெத்துவாவின் பகுதி அவரே எழுதியதுதானா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அப்பகுதியின் நடையும் நோக்கும் தொகுப்பாசிரியரின் பகுதியிலிருந்து வேறுபட்டவை என்பதைப் படிப்போர் உணரலாம். தன் கதையைக் களத்திற்கு முந்தைய நாளோடு நிறுத்தும் பெர்பெத்துவா, அங்கு நிகழவிருப்பதை விரும்புவோர் எழுதட்டும் என விட்டுவிடுகிறார். முடிவை எழுதும் உரிமை அவருக்கு இல்லை. அது பிறர் கூற்றாகவே அமைய முடியும்.

அம்முடிவு நிகழ்ந்த சூழலும் கருதத்தக்கது. பேரரசர் செப்டிமியுஸ் செவேருசின் மகன் கேத்தாவின் பிறந்தநாளையொட்டி நடந்த விளையாட்டுகளில் இவர்கள் கொல்லப்பட்டனர். அரச மகனின் பிறந்தநாளுக்காக இறந்தோருக்குத் திருச்சபை அதனையே விண்ணகப் பிறந்தநாளாக்கியது. அவ்வகையில் விழாநாள் ஓர் எதிர்ப்பு நினைவுமாகும்.

குழந்தை: இரு வடிவங்கள்

தன்கூற்றில் குழந்தை மீண்டும் மீண்டும் வருகிறது. இருட்டறைச் சிறையில் பெர்பெத்துவாவை வாட்டியவற்றுள் குழந்தையைப் பற்றிய கவலை முதன்மையானது. பசியால் துவண்ட அதற்குப் பாலூட்டுகிறார். அதனைத் தம்முடன் வைத்துக்கொள்ள இசைவு பெற்றபின் சிறையே விருப்பமான இடமாகிவிட்டதாகக் கூறுகிறார். தீர்ப்புக்குப் பின் தந்தை குழந்தையை அனுப்ப மறுக்கிறார். அப்போது குழந்தை பால் நாடாததையும், தம் மார்பில் பால் கட்டி நோகாததையும் இறையருளாகக் குறிக்கிறார். தந்தை கோலால் அடிக்கப்பட்டபோது தாமே அடிபட்டதுபோல் வருந்துகிறார். நம்பிக்கையில் உறுதியும் உறவில் வேதனையும் இங்கு ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன.

பிற்காலச் சுருக்க வடிவத்தில் நிலைமை தலைகீழாகிறது. உறவினர் குழந்தையுடன் வந்து மன்றாடும்போது, பெர்பெத்துவா குழந்தையை எறிந்துவிட்டுப் பெற்றோரை விரட்டுகிறார். தன்கூற்றில் எங்கும் தோன்றாத கணவரும் இங்கு மன்றாடுவோருள் ஒருவராக நுழைகிறார். 'லெகேந்தா ஆவ்ரேயா'வும் குழந்தையை எறியும் இவ்வடிவத்தையே பின்பற்றுகிறது. குறுகிய வாசிப்புக்கு ஐயமற்ற முன்மாதிரி தேவைப்பட்டது; இருமனமாகக் கலங்கும் தாய் அதற்கு இடையூறானார். சுருக்கத்தில் விடுபட்டது நீளம் மட்டும் அன்று, தாய்மையும்கூட.

அகுஸ்தினாரும் பெலிசித்தாவும்

விழாநாள் மரபு முழுவதையும் இக்குற்றத்திற்கு உள்ளாக்குவது முறையன்று. இப்புனிதர்களின் விழாவில் மறையுரை ஆற்றிய அகுஸ்தினார், மக்கள் முன் அப்போதுதான் வாசிக்கப்பட்ட பனுவலைச் சுட்டிப் பேசுகிறார். தந்தைக்கு இணங்காமலும் அவரை அவமதிக்காமலும் பெர்பெத்துவா விடையளித்ததையும், தந்தை அடிபட்டதற்கு வருந்தியதையும் அவர் மறைக்கவில்லை. முழுப்பனுவல் வாசிக்கப்பட்ட இடத்தில் விளக்கமும் அதன் நுட்பத்தை ஓரளவு காத்தது.

ஆயினும் 'நிலையானது', 'பேரின்பம்' எனப் பொருள்படும் இரு பெயர்களையும் இணைத்து, அனைத்து மறைச்சாட்சியரும் அடையும் நிலையான பேரின்பத்தின் குறியீடாக அவற்றை அவர் ஆக்குகிறார். சொல்லழகு மிக்க இவ்விளக்கத்தில் தலைவியும் அடிமையும் ஒருவராகக் கரைகின்றனர். பெலிசித்தா சிறையில் எட்டாம் மாதத்தில் பெண்மகவை ஈன்றார். அதனைச் சகோதரி ஒருத்தி ஏற்று வளர்த்தார். இதனை அறிவிப்பது தொகுப்பாசிரியரே. பெலிசித்தாவுக்குத் தன்கூற்று இல்லை. கி.பி. 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள உரோமை மறைச்சாட்சியர் பட்டியல் இவ்விரு பெண்களின் பெயர்களை மட்டுமே அந்நாளுக்குத் தருகிறது. சாத்தூருஸ் உள்ளிட்ட ஆண்கள் அதில் இடம்பெறவில்லை. அடிமைப்பெண்ணின் பெயரை உயர்குடிப் பெண்ணின் பெயருடன் சேர்த்து நிறுத்தியது விழாநாள். அவர் குரலை அதனால் மீட்க இயலவில்லை.

முடிவுரை

விழாநாள் ஒரு வரலாற்றுக்கு வாசகரைத் தருகிறது. அதே வேளையில் அதனிடம் ஒரு வடிவத்தையும் கோருகிறது. புனிதர் வரலாறுகளை நம்பகமானவை, புனைவானவை என இரண்டாகப் பிரிப்பது மட்டும் திறனாய்வுக்குப் போதாது. யாருடைய கூற்று எந்தக் கூற்றால் இடம்பெயர்க்கப்பட்டது என்பதையும் ஆராய வேண்டும். பெர்பெத்துவாவின் புனிதம் குழந்தையை எறிந்ததால் நிறுவப்படுவது அன்று. அதனைப் பிரிய மனமின்றியே அவர் தம் நிலையில் நின்றார் என்பதைத் தன்கூற்று காட்டுகிறது. மார்ச் 7இல் வாசிக்கப்பட வேண்டியது அக்கூற்றே.