சங்கிலி மன்னனும் வரலாறு கற்கும் மாணவனும்

நல்லூர் முத்திரைச் சந்தியிற் குதிரைமீது வீற்றிருக்கும் சங்கிலியின் சிலையைக் காணாத யாழ்ப்பாண மாணவர் அரியர். 1974ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று 2011இற் புதுக்கப்பெற்ற அவ்வுருவம், போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற வீரனொருவனை அவருளத்திற் பதிக்கின்றது. தம் முன்னோர் யாவர் என்னும் வினாவுக்கு இளைஞர் பெறும் முதல் விடைகளுள் அஃதொன்றாகும்.

பின்னர் யாழ்ப்பாண வைபவமாலையைப் படிக்கும் மாணவன் திகைப்பெய்துகின்றான். ஆங்குள்ள சங்கிலி, அரசுக்குரியாரைச் சூழ்ச்சியாற் கொன்று முடிகவர்ந்த கொடியவன். நூலைப் பொய்யென மூடிவிடுதலும், சிலையை எள்ளுதலும் எளிய வழிகள். இரண்டும் கல்வியாகா.

மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்கி 18ஆம் நூற்றாண்டில் இந்நூலை எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அவர்க்கு ஆதாரங்கள். பின்னிரண்டும் இன்று கிடைத்தில. நிகழ்ச்சிகளுக்கு நெடுங்காலம் பிற்பட்டு எழுந்தமையால் நூலிற் குழப்பம் புகுந்தது வியப்பன்று. 1544இல் மன்னாரிற் புதுக் கிறித்தவர்களைக் கொல்வித்த சங்கிலியும், 1619இற் போர்த்துக்கேயராற் சிறைப்பிடிக்கப்பட்டுக் கோவாவிற் கொலைத்தண்டனை பெற்ற சங்கிலி குமாரனும் அதன்கண் ஒருவரேயாயினர். இடைப்பட்டவை 75 ஆண்டுகள்! கீழ்வகுப்புச் சிறுவனும் செய்யக்கூடிய கழித்தற் கணக்கு இது. செய்யுமாறு அவனை ஏவுவார்தாம் அரியர்.

சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம் இத்தகைய வழுக்களை ஆராய்ந்தது. அவர் கத்தோலிக்கத் துறவியென்பதுகொண்டு அவருரையை ஒதுக்குதல் எளிது. அவர் கருத்துக்கள் அனைத்தையும் ஏற்றல் வேண்டுமென்பதுமில்லை. ஆயின் ஆண்டுக் கணக்குச் சமயம் பாராது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபொழுது ஏடுகளும் நூல்களும் பெருந்தொகையாய் அழிந்தன. அவ்விழப்பின்பின், எஞ்சிய பழநூலை வினவுவதே குற்றமென எண்ணும் மனப்பான்மை தோன்றுதல் இயல்பே. எனினும் புகழ்ச்சி மட்டும் கேட்டு வளர்ந்த இளைஞன், அயலானொருவன் இவ்வழுவை எடுத்துக்காட்டும் நாளில் நாணுவான், அன்றேற் சினப்பான். வழுவை வகுப்பறையிலேயே அறிந்தவன் அவ்விரண்டுமின்றி, தன் மண்ணின் கதை எவ்வாறு எழுதப்பட்டதென விளக்குவான். வைபவமாலை அவனுக்கு அப்பொழுதும் தன்னூலே.

சிலையின்கீழ் நின்று, “இவர் எந்தச் சங்கிலி?” என மாணவனொருவன் வினவுவானாயின், அவ்வினாவுக்கு ஒரு பாடவேளை முழுதும் ஒதுக்கப்படுதல் வேண்டும்.