இருட்டில் உழைக்கும் கண்

திண்டுக்கல்லின் உச்சி வெயிலிலிருந்து பூட்டுப் பட்டறை ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் காது மட்டும்தான் வேலை செய்யும். உலோகத்தில் அரம் தேயும் கரகரப்பு, சாவியைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சத்தம். பிறகு பூட்டுக்காரரின் விரல்கள், மடியில் உதிர்ந்த தூள், பாதி வடிவெடுத்த மாங்காய்ப் பூட்டு என்று ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். அந்தத் துலங்கலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. வெளிச்சத்தில்தான் கண் உழைக்கும் என்று எண்ணியிருப்போம்; விழித்திரையின் ஒளியுணர் செல்களில் ஒரு வகையான கோல் செல்களோ இருட்டில்தான் அதிக ஆற்றலைச் செலவழிக்கின்றன. உள்ளே புகும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்தபடி, ஒற்றை ஒளித்துகளுக்காகவும் காத்திருக்கின்றன.

அவற்றை ஒட்டியுள்ள நிறமிச் செல்களின் பொறுமை இன்னும் அழகு. ரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தாம் தொடாமல் ஒளியுணர் செல்களுக்குக் கடத்திவிட்டு, அவை மிச்சம் விடும் லாக்டேட்டையும், தினமும் உதிர்க்கும் நுனித் தட்டுகளின் கொழுப்பையும் எரித்து வாழ்கின்றன. பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுச் சட்டியை வழித்து உண்ணும் அம்மாக்களைப் போல. நிறமிச் செல்கள் நலிந்து குளுக்கோஸைத் தாமே எரிக்கத் தொடங்கினால், ஒளியுணர் செல்கள் பட்டினியில் வாடும். கோல் செல்களும் கொடையாளிகள்தாம்: அவை சுரக்கும் ஒரு புரதம், நிறம் காணும் கூம்பு செல்கள் குளுக்கோஸை உள்ளிழுக்கத் துணைபுரிகிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயில் கோல்கள் அழிந்து முதலில் மாலைக்கண் வருகிறது. பின்னர் பகல் பார்வையும் மங்குவதற்கு, அந்தத் துணை நின்றுபோவதும் ஒரு காரணம்.