தோற்ற தேடலின் கணக்கு

விஞ்ஞானச் சஞ்சிகைகளில் வெற்றிச் செய்திகளே அதிகம். தோற்றதை உட்கார்ந்து எழுதி வைக்கிற ஆக்கள் குறைவு. அதனாலேயே டேவிட் பெய்னும் அவரது சகாக்களும் 2007இல் 'நேச்சர் ரிவியூஸ் ட்ரக் டிஸ்கவரி' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கத்தக்கதாக இருக்கிறது. கிளாக்ஸோஸ்மித்க்லைன் கம்பனி 1995 முதல் 2001 வரை நடத்திய மருந்துத் தேடலின் கணக்கு அது.

ஹீமோபிலஸ் இன்ஃப்ளுவென்ஸா பக்டீரியாவின் மரபணுத் தொகுதி 1995இல் முழுமையாக வாசிக்கப்பட்டதும் ஒரு பெரிய நம்பிக்கை பிறந்தது. பக்டீரியா உயிர்வாழ இன்றியமையாத புரதத்தைக் கண்டுபிடி, அதைத் தனியே பிரித்தெடு, இலட்சக்கணக்கான சிறு மூலக்கூறுகளை அதோடு சேர்த்துப் பார். எது அதை முடக்குகிறதோ அதுவே மருந்தின் தொடக்கம். கேட்க அழகாகத்தான் இருந்தது. 300க்கு மேற்பட்ட மரபணுக்களைப் பரிசீலித்து 70 பெருந்தேடல்களை நடத்தினார்கள். கைக்கு வந்தவை 5 தொடக்க மூலக்கூறுகள் மட்டுமே.

காரணம் சொல்லும் பகுதிதான் கட்டுரையின் பலம். சோதனைக்குழாயில் புரதத்தை முடக்கிய மூலக்கூறு கலத்துக்குள் போகவும் வேண்டுமே! கிராம் எதிர் பக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு உண்டு. அதைத் தாண்டி உள்ளே போனாலும், பிடித்து வெளியே தள்ளுகிற பம்புப் புரதங்கள் இருக்கின்றன. வாசற்படி தாண்ட முடியாத விருந்தாளிக்கு உள்ளே பாய் விரித்து என்ன பயன்? கம்பனி சேர்த்து வைத்திருந்த மூலக்கூறுகளோ பெரும்பாலும் மனித உடலின் புரதங்களை நினைத்துச் செய்யப்பட்டவை.

பழைய வழி இதற்கு நேர்மாறானது. காசநோய்க்கு 1952 முதல் கொடுக்கப்படும் ஐசோனியசிட், இன்எச்ஏ என்ற நொதியத்தைத் தாக்குகிறது என்று தெரிய வந்தது 1994இல். அதுவரை ஆக்கள் சும்மா விழுங்கிக் குணமடைந்துகொண்டுதான் இருந்தார்கள். 2005இல் அறிவிக்கப்பட்ட பெடாகுவிலினும் முழுப் பக்டீரியாவின் மீது பரீட்சித்துக் கண்டெடுத்ததே. இலக்கு பிறகுதான் தெரிந்தது.

எனக்குள்ள குறை வேறு. கட்டுரையின் தலைப்பே கிருமிகளைக் 'கெட்டவை' என்கிறது. கொல்வதுதான் அதன் ஒரே அளவுகோல். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரினோடெகானைப் பாருங்கள். ஈரல் அந்த மருந்தோடு ஒரு சர்க்கரை அமிலத்தை இணைத்து நஞ்சை அடக்கி அனுப்புகிறது. குடலிலுள்ள பக்டீரியாவின் நொதியமொன்று அதை வெட்டி, நஞ்சை மீண்டும் அவிழ்த்து விடுகிறது. நோயாளி வயிற்றோட்டத்தால் வாடுகிறார். மெத்யு ரெட்டின்போவின் குழுவினர் 2010இல் அந்த நொதியத்தை மட்டும் முடக்கும் சிறு மூலக்கூறுகளை வெளியிட்டார்கள். மனிதரிலும் இதையொத்த நொதியம் உண்டுதான். ஆனால் மூலக்கூறு பிடித்துக்கொள்ளும் வளையம் பக்டீரியாவின் நொதியத்தில் மட்டுமே இருக்கிறது. எலிகளில் வயிற்றோட்டம் தணிந்தது. பக்டீரியா ஒன்றும் சாகவில்லை. பெய்னின் கணக்கில் இந்த மூலக்கூறு தோற்றவற்றின் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.