கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள்?

வீடுசார் மருத்துவத்தை யார் பயன்படுத்துகிறார்கள், யார் விட்டுவிடுகிறார்கள் என்று ஆராய்பவர்கள் வயது, கல்வி, வருமானம், தூரம் என்று கட்டம் போடுகிறார்கள். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வருகின்றன. பஸ் ஏற முடியாத பாட்டிகளுக்கு இது பெரிய ஆறுதல். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பொட்டிபுரம் பக்கம் வந்து பாருங்கள். (நியூட்ரினோ ஆய்வகம் என்றால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிகிறது.) ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் போடி வட்டாரப் பெண்கள் விடியுமுன் சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்து, ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறுகிறார்கள். இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். நடுப்பகலில் தட்டப்படும் கதவு பூட்டியிருக்கும். இரத்த அழுத்தம் வலிக்கும் நோயல்ல. வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை எவள் விடுவாள்?

மாமியார் பக்கவாதத்தில் விழுந்த வீட்டில் கதை வேறு. சிகிச்சையாளர் வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார். அதைத் தினமும் செய்விக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மருமகள் மலையேறுவதை நிறுத்துகிறாள், இல்லையென்றால் மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறாள். பதிவேட்டில் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டதாகக் கணக்கு ஏறும்; போன கூலி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வீட்டில் பார்த்தால் செலவு குறைவு என்பவர்கள், அந்தக் குறைவை யார் ஈடுகட்டுகிறார்கள் என்று சொல்வதில்லை.

அப்படியானால் இரவு ஏழு மணிக்கு வரச்சொல்லலாமே? வருகிறவளும் பெண்தான். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவள். பெயர் தன்னார்வலர், கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. ஏழு மணிக்கு அவள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஒருத்தியின் நேரத்தை மிச்சப்படுத்த இன்னொருத்தியின் நேரத்தைத்தான் எடுக்கிறோம்.

2024இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று திட்டம் பணியிடங்களுக்கும் போனது. ஏலத்தோட்டமோ மாநில எல்லைக்கு அப்பால், இடுக்கியில் இருக்கிறது. இப்பக்கம் மிஞ்சுவது ஜீப் வந்து நிற்கும் இடம்தான். தினமும் காலையும் மாலையும் அத்தனை பெண்களும் அங்கே நிற்கிறார்கள். முழுச் சம்பளம் வாங்கும் ஒரு செவிலியரை அழுத்தமானியோடும் மாத்திரையோடும் அங்கே நிறுத்துவதற்கு என்ன தடை?